மலிவு விலைப் பொருட்களில் ஹாலோவீன் அலங்காரம்: எடுப்பாகத் தோன்ற என்ன செய்யலாம்?

சர்ஜாபூர் சாலை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் எங்கள் அடுக்ககத்தில் அக்டோபர் 31 அன்று மாலை குழந்தைகளுக்காக ஹாலோவீன் கொண்டாடுவதென்று சங்கத்தில் முடிவாகி, தரைத்தள வரவேற்புக் கூடத்தை அலங்கரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஒதுக்கப்பட்ட தொகை 3,000 ரூபாய். இந்தத் தொகைக்கு இணையத்தில் கிடைப்பவை பிளாஸ்டிக் மண்டையோடு, ஆரஞ்சு நிறப் பூசணி வாளி, ரப்பர் சிலந்தி, எழுத்துத் தோரணம் ஆகியவைதாம். அவற்றை அப்படியே மாட்டினால் பிறந்தநாள் கடையைக் கவிழ்த்துக் கொட்டியது போலத்தான் இருக்கும். எனக்கு வேண்டியது பயமுறுத்தும் அலங்காரம் அன்று. பார்த்தவுடன் கம்பீரமாக, சற்றுப் பகட்டாகத் தோன்ற வேண்டும்.

இரண்டு நிபந்தனைகள் உண்டு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மறுநாள் நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவம், அதாவது கர்நாடக மாநிலம் உருவான நாள் என்பதால் அதே கூடத்தில் காலையில் சிவப்பு, மஞ்சள் தோரணங்கள் ஏறும்; ஆகவே இரவுக்குள் எல்லாவற்றையும் அகற்றிவிட வேண்டும். செய்து பார்த்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சிக்பேட்டை வாடிக்கை

தொகுப்பாக விற்கும் 'ஹாலோவீன் செட்' எதையும் வாங்காதீர்கள். அதில் பாதி பயன்படாது. மீதிப் பாதியில் எல்லா நிறங்களும் இருக்கும். பணத்தைத் துணி, நாடா, லேஸ், விளக்கு ஆகியவற்றில் செலவிடுங்கள். சிக்பேட்டையிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் கருப்பு லேஸ், சாட்டின் நாடா, பழுப்பேறிய தங்க நிறச் சரிகைக் கரை எல்லாம் சுருளாகவே கிடைக்கும். மீட்டர் கணக்கில் வாங்குவதைவிட முழுச் சுருள் பெரும்பாலும் மலிவாக முடியும். ஞாயிற்றுக்கிழமை பல மொத்தக் கடைகள் அடைத்திருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மேடை அலங்காரம்

நாடக மேடைகளுக்குப் பொருள் செய்து கொடுத்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு பொருள் மலிவானது என்பதை நம் கண்ணுக்குக் காட்டிக்கொடுப்பவை மூன்று: பிளாஸ்டிக்கின் மினுமினுப்பு, அச்சில் வார்த்தபோது இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் ஓடும் வரம்பு, ஒரே பொருளில் நான்கைந்து நிறங்கள். இம்மூன்றையும் நீக்கிவிட்டால் ஐம்பது ரூபாய் மண்டையோடு எங்கே வாங்கியது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

முதலில் பொருளைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவிக் காய வையுங்கள். அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை மேலே படிந்திருக்கும். அது இருக்கும்வரை எந்தச் சாயமும் பிடிக்காது. அடுத்து அந்த வரம்பை உப்புத்தாளால் தேயுங்கள். மண்டையோட்டில் அது உச்சந்தலையிலிருந்து காதுக்குப் பின்புறமாகத் தாடை வரை நீளும். விரலால் தடவினால் நகம் தட்டும். 220ஆம் எண் உப்புத்தாள் போதும். முழுப் பரப்பையும் அதே தாளால் லேசாகத் தேய்த்துவிட்டால் மினுமினுப்பும் மங்கும், சாயமும் நன்றாகப் பற்றும். பூசணி வாளி போன்றவை பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்னும் வழுக்கும் பிளாஸ்டிக். அவற்றில் பிளாஸ்டிக்குக்கான ப்ரைமர் (சாயம் பிடிக்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) அடிக்காமல் சாயம் அடித்தால், காய்ந்தபின் தோல் உரிவது போல உரிந்து வரும்.

பின்னர் எல்லாவற்றுக்கும் ஒரே நிறம். மேட், அதாவது பளபளப்பில்லாத கருப்பு ஸ்ப்ரே எளிது. இருபது முதல் முப்பது சென்டிமீட்டர் தள்ளி நின்று, மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்தபின் இன்னொன்று என்று அடிக்க வேண்டும். ஒரே மூச்சில் தடிமனாக அடித்தால் வழிந்து கண்குழிகளில் தேங்கிவிடும். அக்டோபர் பெங்களூரில் மழை மாதம் என்பதை மறக்க வேண்டாம். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அடித்தால் கருப்பின் மேல் வெண்படலம் பூத்துவிடும். வெயில் வந்த பகலில், மொட்டைமாடியில், முகக்கவசத்துடன் அடியுங்கள்.

கருப்பு நன்றாகக் காய்ந்தபின்தான் தங்கம். இங்கேதான் பெரும்பாலானோர் அளவு தெரியாமல் முழுவதையும் தங்கமாக்கிவிடுகிறார்கள். ஒரு தட்டையான தூரிகையைத் தங்க அக்ரிலிக் சாயத்தில் தொட்டு, பழைய செய்தித்தாளில் துடைத்து, தூரிகையில் சாயமே இல்லை என்று தோன்றும் நிலையில், புருவ மேடு, கன்னத்து எலும்பு, பல்வரிசையின் விளிம்பு ஆகியவற்றின் மேல் மட்டும் உரசுங்கள். குழிகள் கருப்பாகவே இருக்கட்டும். மேடுகளில் மட்டும் தங்கம் ஏறும்போது, அது பல காலம் கைபட்டுத் தேய்ந்த வெண்கலம் போலத் தோன்றும். நிறங்கள் கருப்பு, பழந்தங்கம், இன்னொரு அடர் நிறம் என்று மூன்றோடு நிற்கட்டும். அந்த மூன்றாவது நிறத்துக்கு நான் நாவற்பழ நிறத்தைப் பரிந்துரைப்பேன்.

ஐடிபிஎல் பொறியாளர்

தெர்மாகோலை வெட்டிக் கல்லறைப் பலகைகளும் பெரிய தூண்களும் செய்யலாமே? எடையும் இல்லை, விலையும் இல்லை.

மேடை அலங்காரம்

இரண்டு காரணங்களால் வேண்டாம் என்பேன். ஸ்ப்ரே சாயத்தில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். அடித்த சில விநாடிகளில் பரப்பு குழிகுழியாக உருகும். அதைத் தடுக்க முதலில் ஃபெவிகாலோ நீரில் கலக்கும் அக்ரிலிக்கோ பூசிக் காய வைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் இரண்டாவது காரணத்துக்கு மாற்று இல்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதல் வந்த தடையில், அலங்காரத்துக்கான தெர்மாகோலும் இருக்கிறது. சில கடைகளில் இன்னும் கேட்டால் எடுத்துத் தருவார்கள். அடுக்ககச் சங்கத்தின் பெயரில் நடக்கும் நிகழ்ச்சிக்கு அது தேவையில்லாத வம்பு.

அட்டைப்பெட்டியே போதும். குளிர்பதனப் பெட்டி வந்த அட்டையை வெட்டி வளைத்துத் தூணாக்கி, கிழித்த செய்தித்தாளை மைதாப் பசையில் தோய்த்து இரண்டு மூன்று அடுக்கு ஒட்டிக் காய வையுங்கள். காகிதம் சுருங்கி விழும் மடிப்புகளே பழைய சுண்ணாம்புச் சுவரின் விரிசலாகிவிடும். அவற்றைச் சீராக்க முயல வேண்டாம்.

ஃப்ரேசர் டவுன் ஜார்ஜ் மாமா

இடையில் ஒரு வேண்டுகோள். ஹாலோவீன் என்பது நவம்பர் 1ஆம் தேதி வரும் புனிதர் அனைவர் திருநாளின் முந்தைய இரவு. நவம்பர் 2 எங்களுக்குக் கல்லறைத் திருநாள். குடும்பத்தோடு கல்லறைக்குச் சென்று, சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி வருவோம். அதற்கு இரண்டு நாள் முன்பு வீட்டு வாசலில் சிலுவை வைத்த அட்டைக் கல்லறையைப் பார்ப்பது சிலருக்குச் சங்கடமாக இருக்கும். உங்கள் அடுக்ககத்திலும் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கும் அல்லவா? பூசணி, வௌவால், சூனியக்காரியின் தொப்பி, சிலந்தி வலை எதுவும் யாரையும் உறுத்தாது. சிலுவையும் கல்லறைப் பலகையும் மட்டும் வேண்டாம் என்பது என் கருத்து. பிள்ளைகள் கொண்டாடுவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

சர்ஜாபூர் சாலை

ஜார்ஜ் மாமா, சொன்னதற்கு மிக்க நன்றி. கல்லறையை விட்டுவிட்டேன். பாழடைந்த அரண்மனையில் யாரோ விருந்துக்குச் சமைத்து வைத்துவிட்டுப் போய்விட்டது போல ஒரு நீண்ட மேசை என்று இப்போது யோசிக்கிறேன். குழந்தைகளுக்கான மிட்டாயும் அதன் மேலேயே இருக்கும். பொருட்களைப் பல உயரங்களில் வைக்க, எங்கள் வீட்டுக் கொலுப்படியைக் கருப்புத் துணியால் மூடிப் பயன்படுத்தலாமா? மடக்கும் இரும்புப் படி. நவராத்திரி முடிந்து சும்மாதான் இருக்கிறது.

மயிலைப் பாட்டி, இப்போது ஜெயநகர்

கொலுப்படியில் மண்டையோடா? வேண்டாமம்மா. இரும்புதானே என்று உனக்குத் தோன்றலாம். அடுத்த வருஷம் அதே படியில் கலசம் வைக்கும்போது உன் மாமியார் முகத்தை நீதான் பார்க்க வேண்டும்.

ஐடிபிஎல் பொறியாளர்

படி என்பது ஒரு தாங்கி. பொம்மைகளை எடுத்து வைத்தபின் அதில் துணி உலர்த்தும் வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். பாட்டியின் உணர்வை மதிக்கிறேன். ஆனாலும் பயன்படுத்துவதில் தவறில்லை என்றே எண்ணுகிறேன்.

மேடை அலங்காரம்

சாத்திரத்தை விட்டுவிடுவோம், பார்வைக்கே கொலுப்படி இதற்குப் பொருந்தாது. அதன் படிகள் ஒரே அகலத்தில், ஒரே உயர வித்தியாசத்தில், ஒழுங்காக ஏறுகின்றன. கொலுவுக்கு அந்த ஒழுங்குதான் அழகு. பாழடைந்த விருந்து மேசைக்கு ஒழுங்கு கூடாது. கவிழ்த்த வாளி, பழைய அகராதி, செருப்புப் பெட்டி, மண்சட்டி என்று வெவ்வேறு உயரங்களில் வைத்து, அதன்மேல் கருப்புத் துணியைப் போட்டுக் கையால் அழுத்திப் பள்ளம் உண்டாக்குங்கள். உயரமான பொருள் நடுவில் வேண்டாம்; மூன்றில் ஒரு பங்கு தள்ளி ஓரமாக நிற்கட்டும். துணிக்குப் பாலியஸ்டர் சாட்டின் வேண்டாம். அது விளக்கொளியில் பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிடும். கருப்புக் காடாத் துணியோ வெல்வெட்டோ ஒளியை விழுங்கும்.

மயிலைப் பாட்டி, இப்போது ஜெயநகர்

அதைத்தான் நானும் சொன்னேன்.

நியூ ஜெர்சி அக்காவின் தங்கை

எங்கள் அக்கா ஒவ்வோர் ஆண்டும் அமெரிக்காவில் டாலர் ட்ரீ கடையில் வாங்கிச் செய்கிறாள். அங்கே நெடுங்காலம் எல்லாப் பொருளும் ஒரு டாலர்; 2021 இறுதியில் அதை 1.25 டாலராக உயர்த்தினார்கள். அந்தக் கடைப் பொருட்களை வைத்து எடுக்கும் காணொளிகளை அப்படியே பின்பற்ற முயன்றால் நமக்குச் செலவுதான் கூடும், ஏனெனில் அங்கே மலிவாக விற்கும் நுரைப் பூசணி இங்கே இறக்குமதிப் பொருளாகிப் பலமடங்கு விலைக்கு வருகிறது. அவர்களுடைய பொருளை விட்டுவிட்டு, செய்முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது உருகி வழிந்த மெழுகுவர்த்திகள். துணிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாயைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். அதைப் பத்து, பதினைந்து, இருபத்தைந்து சென்டிமீட்டர் என்று பலவாறாக வெட்டி, மேல் விளிம்பில் க்ளூ கன்னால் (பசைக் குச்சியை உருக்கி வழியவிடும் கருவி) பசையை வழியவிடுங்கள். பசை தானாக இறங்கி ஓரிடத்தில் நின்று, நுனியில் ஒரு சொட்டாகத் திரளும். அந்தச் சொட்டுதான் முக்கியம். அது உறையும்வரை குழாயை நிமிர்த்திப் பிடித்திருக்க வேண்டும். பிறகு முழுவதும் தந்த நிறமோ கருப்போ அடித்து, உள்ளே எல்.இ.டி. விளக்கை வைத்தால், சில அடி தள்ளி நிற்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

இரண்டு வாண்டுகளின் அம்மா

அந்தச் சிறு எல்.இ.டி. விளக்குகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பெரும்பாலானவற்றில் சி.ஆர். 2032 எனப்படும் காசு வடிவ பேட்டரிதான் இருக்கும். மலிவான விளக்குகளில் அடிமூடியை நகத்தாலேயே திறந்துவிடலாம். சிறுபிள்ளை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துப் புண்ணாக்கத் தொடங்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மிட்டாய் இருக்கும் மேசையில் பிள்ளைகளின் கை எட்டும் இடத்தில் இந்த விளக்குகள் வேண்டாம். திருகாணியால் மூடிய பேட்டரிப் பெட்டி உள்ளவற்றைத் தேடி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மூடியைச் சுற்றி அழுத்தமாக டேப் ஒட்டுங்கள்.

எஸ்.பி. ரோடு ரசிகன்

விளக்கைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன். நீங்கள் எவ்வளவு அழகாகப் பூசினாலும், கூடத்தில் உள்ள வெள்ளைக் குழல்விளக்கு எரிந்தால் எல்லாம் வீண். அது 6,500 கெல்வின் வகை நீல வெளிச்சமாகத்தான் இருக்கும். தங்கம் அதில் பித்தளைக் குழாய் போலத் தெரியும். சங்கத்திடம் சொல்லி அந்த நேரத்துக்கு மட்டும் அதை அணைத்துவிட்டு, 2,700 அல்லது 3,000 கெல்வின் வார்ம் வொயிட் (இளமஞ்சள் வெளிச்சம்) சீரியல் விளக்குகளை மேசைக்குப் பின்னாலும் துணிக்கு அடியிலும் மறைத்து வையுங்கள். விளக்கு தெரியக் கூடாது; வெளிச்சம் மட்டும் தெரிய வேண்டும். பல நிறத்தில் மாறி மாறி மினுக்கும் சீரியல் வேண்டவே வேண்டாம்.

வழக்கமாக நாம் முகங்களை மேலிருந்து வரும் வெளிச்சத்தில் பார்க்கிறோம். மண்டையோட்டுக்குக் கீழே விளக்கை வைத்தால் நிழல்கள் தலைகீழாக விழுந்து, வேறு எந்தச் செலவும் இல்லாமல் அச்சம் வந்துவிடும். நாவற்பழ நிறம் வேண்டுமென்றால் எல்.இ.டி.யின் மேல் ஊதா ஜெலட்டின் தாளைச் சுற்றலாம். சூடாகும் பழைய குண்டு பல்பில் அதைச் செய்யாதீர்கள்.

தீபாவளியை ஒட்டி ஹாலோவீன் வருவதால் சீரியல் விளக்குகள் இந்தச் சமயத்தில் எல்லாக் கடையிலும் கிடைக்கும். 2024இல் இரண்டும் அக்டோபர் 31 அன்றே வந்தன; எங்கள் தெருவில் வெடிச்சத்தத்துக்கு நடுவே ஒரு சிறுவன் பேய் வேடத்தில் கம்பி மத்தாப்பு கொளுத்திக்கொண்டிருந்தான்.

சர்ஜாபூர் சாலை

சிலந்தி வலைக்கு மருந்துக் கடைப் பஞ்சு சரிவருமா? வெளிவாசலிலும் கட்டலாம் என்று நினைத்தேன்.

நியூ ஜெர்சி அக்காவின் தங்கை

மருந்துக் கடைப் பஞ்சின் இழை குட்டை, இழுத்தால் பிய்ந்துவிடும். தலையணைக்குள் அடைக்கும் செயற்கைப் பஞ்சை வாங்கி, எலுமிச்சை அளவு மட்டும் எடுத்து, இனி இழுக்க முடியாது என்னும் அளவுக்கு இழுங்கள். வெள்ளைத் திட்டாகத் தெரிந்தால் இன்னும் போதவில்லை என்று பொருள். வெளியே கட்ட வேண்டாம். சிறு பறவைகளின் கால் சிக்கிக்கொள்ளும். தீயும் எளிதில் பற்றும் என்பதால் உண்மையான மெழுகுவர்த்தியோ அகலோ அதன் அருகே இருக்கக் கூடாது.

என்னைக் கேட்டால், வலையைவிடக் கிழிந்த துணி அழகு. மருந்துக் கடையில் விற்கும் காஸ் துணியை அடர்ந்த தேநீர் டிகாஷனில் ஊறவைத்து, பிழியாமல் உலர்த்தி, அங்கங்கே கத்தரியால் கீறி, விரலால் நூலை விலக்கிவிடுங்கள். மேசை விளிம்பிலிருந்து அது தொங்கும்போது, பூச்சி அரித்த பழைய திரைச்சீலை போலவே இருக்கும்.

சிக்பேட்டை வாடிக்கை

செலவே இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஊர்ச் சாலைகளில் குல்மொஹர் மரங்களுக்குக் குறைவில்லை. அவற்றின் நெற்று முழங்கை நீளத்தில், கரும்பழுப்பாக, கட்டை போல் காய்ந்து கீழே விழுந்து கிடக்கும். நுனி வளைந்தவற்றைப் பொறுக்கித் துடைத்து, விளிம்பில் மட்டும் தங்கத்தை உரசி, உயரமான குடுவையில் ஐந்தாறு செருகிப் பாருங்கள். பெரிய பறவையின் நகங்கள் என்று குழந்தைகள் சத்தியம் செய்வார்கள். மழையில் முறிந்து விழுந்த சுள்ளிகளும் அப்படித்தான். பூசுவதற்கு முன் வெயிலில் போட்டு எறும்பை விரட்டிவிடுங்கள்.

ஜிகினாத் தூளை மட்டும் எந்த நிலையிலும் பயன்படுத்தாதீர்கள். அது பொடித்த பிளாஸ்டிக். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலேயே உதிரியாக விற்கும் பிளாஸ்டிக் ஜிகினாவுக்குத் தடை கொண்டுவந்துவிட்டது. மறுநாள் ராஜ்யோத்சவத்துக்கு வருபவர்களின் வேட்டியிலும் அது ஒட்டிக்கொள்ளும். மினுங்கியே ஆக வேண்டுமென்றால் கைவினைப் பொருள் கடையில் காக்காய்ப்பொன் தூள் கிடைக்கும். அதைச் சிறிது வார்னிஷில் கலந்து தொட்டுப் பூசலாம்.

சர்ஜாபூர் சாலை

பூசணி பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டோமே. பிளாஸ்டிக் வாளியா, உண்மையான காயா? குழந்தைகள் முகம் செதுக்க வேண்டும் என்கிறார்கள்.

மேடை அலங்காரம்

செதுக்கும் வழக்கம் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கில் தொடங்கியது. அங்கிருந்து குடியேறியவர்கள் அமெரிக்காவில் பூசணிக்கு மாறினார்கள். செதுக்குவதற்கென்றே அங்கே விளைவிக்கும் ரகத்துக்குச் சதை மெல்லியது, உள்ளே வெற்றிடம் அதிகம். நம் பரங்கியோ சமையலுக்கானது, சதை தடித்தது. குழந்தைகள் கையில் கத்தியைக் கொடுத்து அதைக் குடையச் சொல்வது ஆபத்து. குடைந்தாலும் இந்த ஈரக் காற்றில் ஓரிரு நாளில் பூஞ்சை பிடித்துவிடும்.

முழுக் காயாகவே வையுங்கள். நல்ல வரி விழுந்த, காம்பு நீண்ட பரங்கியாகப் பார்த்து மூன்று வாங்கி, சாயமே பூசாமல், கருப்பு வலைத்துணியை அதன்மேல் இழுத்துப் போர்த்திக் காம்பருகே முடிந்து, பழந்தங்கக் கயிற்றால் கட்டிவிடுங்கள். வலைக்குள்ளிருந்து மஞ்சள் மங்கலாகத் தெரியும்; மேசையிலேயே மிகவும் பகட்டான பொருள் அதுவாகத்தான் இருக்கும். முகம் வேண்டும் என்னும் குழந்தைகளுக்குக் கருப்புச் சார்ட் தாளைக் கொடுத்துக் கண், மூக்கு, வாய் வெட்டச் சொல்லிப் பிளாஸ்டிக் வாளிகளில் ஒட்டவிடுங்கள். அவை மிட்டாய் வாங்கும் வாளிகளாகட்டும். மேசைக்கு ஏற்ற வேண்டாம்.

மயிலைப் பாட்டி, இப்போது ஜெயநகர்

சாயம் பூசாவிட்டால் மறுநாள் பரங்கிக்காய்க் கூட்டு வைத்துக்கொள்ளலாம். மூன்று காய் என்றால் உங்கள் மாடி முழுவதற்கும் போதும்.

சர்ஜாபூர் சாலை

இதுவரை வந்ததை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டேன். மண்டையோடு மூன்று, கருப்பு ஸ்ப்ரே, ப்ரைமர், தங்க அக்ரிலிக், காடாத் துணி, லேஸ் ஒரு சுருள், காஸ் துணி, வலைத்துணி, சீரியல் விளக்கு, பரங்கிக்காய் எல்லாம் சேர்த்தும் 3,000 ரூபாய்க்குள் அடங்கும் போலிருக்கிறது. ஒரே கவலை, இரவு ஒன்பது மணிக்கு மேல் எல்லாவற்றையும் பிரித்து அடுக்குவதுதான்.

மேடை அலங்காரம்

அதை அலங்கரிக்கும்போதே யோசிக்க வேண்டும். எதையும் மேசையில் நேரடியாக ஒட்டாதீர்கள். தடித்த அட்டையை மூன்று நான்கு தட்டுகளாக வெட்டி, மெழுகுவர்த்திக் கூட்டம் ஒன்றில், மண்டையோடும் நெற்றுக் குடுவையும் இன்னொன்றில் என்று தட்டின் மேலேயே ஒட்டி முடித்துவிடுங்கள். தட்டின் விளிம்பைக் காஸ் துணி மறைத்துக்கொள்ளும். முடிந்தபின் தட்டோடு தூக்கி மின்தூக்கியில் ஏற்றினால் அரை மணி நேரத்தில் கூடம் காலியாகிவிடும். வௌவால்களைச் சுவரில் ஒட்ட வேண்டாம். இரண்டு தூண்களுக்கு இடையே கருப்பு நூலைக் கட்டி அதில் மாட்டினால், நூலை அறுத்ததும் மொத்தமும் கையோடு வந்துவிடும். தூண்கள் படிக்கட்டு வழியை மறைக்காமல் நிற்க வேண்டும் என்பதையும் காவலாளியிடம் முன்பே காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்ஜாபூர் சாலை

அருமை. சனிக்கிழமை காலை மெட்ரோவில் சிக்பேட்டைக்குப் போகிறேன். வேறு ஏதாவது விட்டுப்போயிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

நியூ ஜெர்சி அக்காவின் தங்கை

க்ளூ கன்னுக்கான பசைக் குச்சி 7 மில்லிமீட்டர், 11 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவில் வரும். வீட்டில் இருப்பது எந்த அளவு என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மெழுகு வழிவதற்கு 11 மில்லிமீட்டர்தான் வசதி.